சிறு விமானம் ஓட்டும் தனி விமானிகள் காக்பிட்டில் டேப்லெட்டை நம்பலாமா? என் பயிற்றுநர் வேண்டாம் என்கிறார். வாங்குவதானால் எந்த அளவு வாங்குவது?

பயன்படுத்தலாம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால், டேப்லெட் இல்லாமலேயே அதே வழியில் புறப்பட்டுப் போய்ச் சேர உங்களால் முடியும் என்று நீங்களும் உங்கள் பயிற்றுநரும் ஒப்புக்கொண்ட பிறகே அதைக் காக்பிட்டுக்குள் கொண்டுபோங்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், முதல் தனிப் பறத்தலை முடித்துவிட்டு, ஊர் விட்டு ஊர் போகும் நெடும்பயணப் பயிற்சியைத் தொடங்கும் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்தக் கட்டத்தில் பயிற்றுநர் டேப்லெட்டை வேண்டாம் என்றால் அவரைப் பழமைவாதி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவர் இப்போது உங்களுக்குக் கற்றுத்தர வேண்டிய பாடத்தை அந்தத் திரை நடுவில் புகுந்து கெடுத்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் எழுதிய ஒருவர், காகித வரைபடத்தையும் பென்சிலையும் மடியில் வைத்துக்கொண்டு பறப்பவர்கள் காலத்தோடு ஒட்டாதவர்கள் என்று குறிப்பிட்டிருக்கிறார். அந்த வரியைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. நான் தொழில்முறை விமானி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் எங்கள் குடும்பம் நடத்தும் காலணி மேற்பாகம் தைக்கும் தொழிற்கூடத்தில் கணக்குப் பார்க்கிறேன். என் சேமிப்பில் தனி விமானி உரிமம் பெற்றேன். பணக்காரர்களின் பொழுதுபோக்கைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். உரிமம் வாங்கியவர் யாராக இருந்தாலும், அவர் பறக்கும்போது கீழே இருப்பவை நம் வீடுகள்தான். ஆகவே இது அந்த ஒருவருடைய விஷயம் மட்டும் அல்ல.

டேப்லெட்டினால் வரும் நன்மையை நான் மறுக்கவில்லை. ஐபேட் சந்தைக்கு வந்தது 2010இல். அடுத்த ஆண்டின் இறுதியிலேயே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் கனமான காகிதக் கட்டுகளுக்குப் பதிலாக அதைப் பறத்தலின் எல்லாக் கட்டங்களிலும் பயன்படுத்த அந்நாட்டு அரசு அனுமதி அளித்தது. சிறு விமானத்தில் தனியாகப் பறப்பவருக்கு அது இன்னும் பெரிய உதவி. நாம் இப்போது எங்கே இருக்கிறோம், அடுத்த ஊருக்கு எத்தனை நிமிடம், எந்தத் தடைப்பகுதியின் எல்லை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையெல்லாம் ஒரே பார்வையில் காட்டிவிடும். நம் வட ஆற்காட்டுப் பக்கம் பறப்பவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் முக்கியம். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் இருக்கிறது, தெற்கே கல்பாக்கம், வடக்கே ஸ்ரீஹரிகோட்டா; தெரியாமல் நுழைந்துவிட்டேன் என்று இங்கெல்லாம் சொல்லிக்கொள்ள முடியாது.

இருந்தாலும், அமெரிக்க விமானிகள் இணையத்தில் காட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே தரையிலிருந்து வானொலி வழியாக வானிலைப் படத்தை இலவசமாக அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. ஒரு சிறிய கருவி அதைப் பிடித்து டேப்லெட்டுக்குக் கொடுத்துவிடும். நம் நாட்டில் அந்தச் சேவை இல்லை. இங்கே புறப்படும் முன் நீங்கள் பதிவிறக்கி வைத்தது மட்டுமே உங்களுடையது. 5,000 அடிக்கு மேல் கைப்பேசி இணைப்பு வரும், போகும், அதை நம்பி எதையும் திட்டமிட முடியாது.

வாங்கும்போது ஏமாறாமல் இருப்பதற்காக இதையும் சொல்கிறேன். என் முதல் டேப்லெட்டை வேலூரில் ஒரு கடையில் வாங்கினேன். எதற்காக வாங்குகிறேன் என்பதை விளக்கி, ஜிபிஎஸ் இருக்கிறதா என்று கேட்டேன். “எல்லாத்துலயும் இருக்கு மேடம், மேப் ஓபன் பண்ணிப் பாருங்க” என்று கடைக்குள்ளேயே வரைபடத்தைத் திறந்து காட்டினார்கள். கடையின் வைஃபை இணைப்பை வைத்து இடத்தைக் காட்டிய அந்தக் கருவிக்குள் செயற்கைக்கோள் ஏற்பியே கிடையாது. ஐபேடில் சிம் அட்டை வசதி உள்ள வகைக்கு மட்டுமே உள்ளே ஜிபிஎஸ் உண்டு. வைஃபை மட்டும் உள்ள வகைக்குத் தனியாக ஒரு வெளி ஏற்பியை வாங்கி ப்ளூடூத்தில் இணைக்க வேண்டும். மறுநாளே திருப்பிக் கொடுக்கப் போனபோது, பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். விமானத்தில் கொண்டுபோகப் போகிறேன் என்று சொல்லி வாங்குகிற ஒருவருக்கு, தெரியாததைத் தெரியும் என்று சொல்லி விற்பது சாதாரணக் குற்றம் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். கடைக்காரர் வாய்மொழியை விட்டுவிட்டு, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் மாதிரி எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் சரிபாருங்கள்.

இனி, நான் ஏன் காகிதத்தை விடாமல் வைத்திருக்கிறேன் என்பதற்கு வருகிறேன். அக்னி நட்சத்திரக் காலத்தில் ஒரு காலை, கர்நாடகப் பக்கத்து ஓடுதளம் ஒன்றிலிருந்து கிழக்கு நோக்கிச் செஸ்னா 172இல் புறப்பட்டேன். குடியாத்தத்தில் கல்லூரியில் படிக்கும் என் சித்தி மகன் பக்கத்து இருக்கையில் இருந்தான். உயரம் 5,500 அடி. கிழக்கு நோக்கிப் பறக்கும்போது ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 அடி என்பது விதி, ஏலகிரியின் உச்சி 4,000 அடியைத் தாண்டுவதால் 3,500 அடி அந்த வழிக்குப் போதாது. டேப்லெட் என் வலது தொடையில் நீபோர்டில் (தொடையோடு பட்டையால் கட்டும் சிறு பலகை) கட்டியிருந்தது. அதன் அடியிலேயே, முந்தைய நாள் இரவு நான் கையால் எழுதிய நேவிகேஷன் லாக்: பர்கூர், நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், வாலாஜா, காவேரிப்பாக்கம் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஹெடிங் (விமானத்தின் மூக்கைப் பிடிக்க வேண்டிய திசை), தூரம், எடுக்கும் நேரம், செலவாகும் எரிபொருள், கண்ணுக்குத் தெரிய வேண்டிய அடையாளம்.

வாணியம்பாடியை நெருங்கும்போது திரையின் வெளிச்சம் தானாகக் குறைந்தது. சிறிது நேரத்தில், கருவி சூடாகிவிட்டது, குளிர்ந்த பிறகே பயன்படுத்த முடியும் என்ற அறிவிப்பு வந்து, வரைபடம் முழுவதும் மறைந்துவிட்டது.

“அக்கா, மேப் போயிடுச்சிக்கா. இப்ப இன்னா பண்றது?”

“மேப் போனா போவுது, ஆறு எங்கியும் போவல. உன் பக்கம் கீழ பாரு, அந்த மலை ஏலகிரி. நேரா பார்த்தா வெள்ளையா மணல் தெரியுதா? அதான் பாலாறு.”

தைரியம் சொல்வதற்காகப் பேசிய பேச்சில்லை அது. அந்தப் பள்ளத்தாக்கில் பாலாறும் தேசிய நெடுஞ்சாலை 48உம் ஜோலார்பேட்டையிலிருந்து காட்பாடிக்குப் போகும் ரயில் பாதையும் ஒன்றை ஒன்று விட்டு விலகாமல் ஓடுகின்றன. தெற்கே ஜவ்வாது மலை, வடக்கே ஆந்திர எல்லைக் குன்றுகள். வெளிச்சம் நன்றாக இருக்கும் நாளில் வழி தவற வேண்டுமானால் வேண்டுமென்றே தவறினால்தான் உண்டு. ஆம்பூரை நான் லாகில் எழுதியிருந்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே கடந்தோம். அதிலிருந்து பின்காற்று நான் கணக்கிட்டதைவிடச் சற்று அதிகம் என்பது தெரிந்தது, வேலூருக்கான நேரத்தைத் திருத்தி எழுதிக்கொண்டேன். ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 16 நிமிடம். அந்த 16 நிமிடமும் என் தலை நிமிர்ந்தே இருந்தது. வலப்பக்கம் ஜவ்வாது மலையின் மேல் காவலூர் வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் கோபுரம் தெரிந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு அப்துல்லாபுரம் ஓடுதளம், அதையடுத்து அகழியோடு வேலூர்க் கோட்டை. கட்டுப்பாட்டு அறைக்கு இருப்பிடத்தைச் சொல்லிவிட்டு அடுத்த ஹெடிங்கில் திரும்பினேன். டேப்லெட்டைக் கழற்றிக் காற்று வரும் துளையின் அருகே அவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். காவேரிப்பாக்கம் ஏரி கண்ணுக்குத் தெரியும்போது அது மீண்டும் உயிர் பெற்றது. அப்போது அது காட்டிய இடமும் என் பென்சில் குறியும் ஒத்துப்போயின. அந்தக் காலை எனக்குப் பெருமையானது, அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அப்துல்லாபுரம் என்று எழுதும்போது இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஓடுதளம் ஆங்கிலேயர் காலத்தில் 1934இல் அமைந்தது. சிறு ஊர்களுக்கும் விமானச் சேவை தருவதற்கான ஒன்றிய அரசின் உடான் திட்டத்தில் சேர்ந்து, புதுப்பிக்கும் வேலைகளும் நடந்தன. அவ்வளவு பழைய ஓடுதளத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பறக்கக் கற்க வேறு ஊர்களில் அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கிறது. மேலிருந்து அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

டேப்லெட் ஏன் அணைந்தது என்பதைச் சொல்கிறேன். ஐபேட் இயங்குவதற்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. நம் ஊரில் மே மாதத்தில் நிழலிலேயே 40ஐத் தாண்டுகிறது. வெயிலில் நிறுத்தியிருக்கும் விமானத்துக்குள் இன்னும் அதிகம். மேலே போனால் 1,000 அடிக்குச் சுமார் 2 டிகிரி குறையும் என்பது உண்மைதான், ஆனால் அது வெளிக்காற்றுக்கு. மேல்சிறகு விமானமானாலும் முன்கண்ணாடி வழியாக வரும் காலை வெயில் தொடையில் கிடத்திய திரையின் மேல் நேராக விழுகிறது. படிக்கத் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி வைக்கிறோம், கூடவே பவர் பேங்கில் சார்ஜும் ஏற்றுகிறோம். இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தக் கருவியும் தாங்காது. அன்று முதல் நான் சார்ஜை வீட்டிலேயே முழுவதும் ஏற்றிவிடுகிறேன், விமானத்துக்குள் ஏறும்வரை கருவியைத் துணிப்பைக்குள் நிழலில் வைத்திருக்கிறேன், தடித்த உறைகளைக் கழற்றிவிடுகிறேன், பறக்கும்போது தேவை இல்லாத நேரத்தில் திரையை அணைத்துவிடுகிறேன். போலராய்டு வகைக் கறுப்புக் கண்ணாடி அணிபவரானால், திரையைச் சில கோணங்களில் பார்க்கும்போது முழுவதும் இருண்டு தெரியும். கருவி அணைந்துவிட்டது என்று பதற வேண்டாம், முடிந்தால் வேறு கண்ணாடியை வாங்கிக்கொள்ளுங்கள்.

வெப்பம் இல்லாவிட்டாலும் வேறு காரணம் வரும். 2015 ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் ஐபேடுகளில் வரைபடச் செயலி செயலிழந்து, பல விமானங்கள் புறப்பட முடியாமல் தாமதமாயின. அவர்களுக்கு இரண்டு விமானிகள், தரையில் ஒரு தொழில்நுட்பக் குழு. நமக்கு நாம் மட்டுமே.

வானிலையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டேப்லெட்டில் ரேடார் படத்தைப் பார்த்து, மேகங்களுக்கு இடையில் வழி கண்டுபிடிக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட எச்சரிக்கையில், திரையில் ‘இத்தனை நிமிடத்துக்கு முந்தைய படம்’ என்று காட்டுவதைவிட அதில் இருக்கும் மழை சில நேரங்களில் 15 முதல் 20 நிமிடம் வரை கூடுதலாகப் பழையதாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. சேவை ஒழுங்காகக் கிடைக்கும் நாட்டிலேயே இந்த நிலை. நம் பக்கம் சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகலில் ஜவ்வாது மலைக்கு மேல் வெள்ளையாக நிற்கும் மேகம் இடிமேகமாக மாறுவதற்கு அவ்வளவு நேரம்கூடத் தேவைப்படாது. புறப்படும் முன் பதிவிறக்கிய படத்தை வைத்துக்கொண்டு அந்த மேகத்தின் பக்கத்தில் போகாதீர்கள். மேகத்தைக் கண்ணால் பாருங்கள், பிடிக்காவிட்டால் திரும்பிவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, நன்றாக வேலை செய்யும் டேப்லெட்தான் என்பது என் உறுதியான கருத்து. அணைந்துபோன கருவியை யாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. இயங்கும் கருவியோ கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும்: விரலால் பெரிதாக்குவது, நகர்த்துவது, வேறு பக்கத்துக்குப் போவது என்று, தரையில் ஒரு நொடியில் முடிகிற வேலை காற்றில் குலுங்கும் விமானத்தில் பல நொடிகள் ஆகும். கட்டுப்பாடற்ற வான்பகுதியில் எதிரே வரும் விமானத்தைக் கண்டு விலக வேண்டிய பொறுப்பு நம் கண்ணுக்கு மட்டுமே உரியது. திரையில் வேறு விமானங்கள் தெரியாவிட்டால் வானம் காலியாக இருக்கிறது என்று பொருள் இல்லை.

விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர் என் பயிற்றுநர். நான் டேப்லெட்டுக்குப் பழகத் தொடங்கியபோது, பறந்துகொண்டிருக்கும் நடுவில் முன்னறிவிப்பு இல்லாமல் அதை எடுத்துப் பின்னிருக்கையில் போட்டுவிடுவார். “இப்ப எங்க இருக்கோம்? அடுத்த ஊரு எத்தனை மணிக்கு?” என்று கேட்பார், லாகைப் பார்த்து நான் சொல்லும் நேரத்தைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிடுவார். காற்று 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் பக்கவாட்டில் அடிக்கிறது, நாம் 105 நாட் வேகத்தில் போகிறோம் என்றால் மூக்கை ஏறக்குறைய 8 டிகிரி காற்றின் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பதை அவர் என்னை மனக்கணக்காகவே போட வைத்தார். 60 மைலுக்கு 1 டிகிரி பிசகினால் 1 மைல் விலகுவோம் என்பதும் அப்படித்தான் மனத்தில் பதிந்தது. டேப்லெட்டில் வழியைக் காட்டும் மெஜந்தா நிறக் கோட்டை மட்டும் பின்பற்றிப் பறந்தவருக்கு, தான் எத்தனை டிகிரி திருப்பிப் பிடித்திருக்கிறோம் என்பதே தெரியாது. கோடு மறைந்த கணத்தில் அவரிடம் மிஞ்சுவதற்கு எதுவும் இருக்காது. உங்கள் பயிற்றுநரிடம், முழுவதும் மறுக்க வேண்டாம், இப்படிச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டுப்பாருங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

கருவியைச் சும்மா மடியில் வைக்காதீர்கள். 2014 பிப்ரவரியில் பிரிட்டன் விமானப்படையின் வாயேஜர் விமானத்தில், விமானி வைத்திருந்த கேமரா இருக்கையின் கைப்பிடிக்கும் கட்டுப்பாட்டுக் குச்சிக்கும் நடுவில் சிக்கி, விமானம் 4,400 அடி கீழே பாய்ந்தது. சிறு விமானத்தில் டேப்லெட் நழுவி, காலால் மிதித்து இயக்கும் ரட்டர் பெடலுக்கு அடியில் போனால், தரையிறங்கும் நேரத்தில் அதை எடுக்கக் குனிய முடியாது. உறைகளில் உள்ள காந்தத்தையும் கவனியுங்கள்: மூடி ஒட்டிக்கொள்வதற்காக வைக்கும் அந்தக் காந்தம் பக்கத்தில் இருந்தால் திசைகாட்டி பிசகும். எஞ்சினை இயக்கும் முன் டேப்லெட்டை அதன் இடத்தில் வைத்தும் எடுத்தும் பார்த்து, திசைகாட்டி அசைகிறதா என்று ஒருமுறை சோதியுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்காவில் தனி விமானி தன் பொறுப்பில் பெரும்பாலும் தானே முடிவு செய்துகொள்ளலாம். இங்கே, பறக்கும் விமானத்தில் கையடக்க மின்னணுக் கருவிகளை இயக்குவதைக் கட்டுப்படுத்தும் விதி 1937ஆம் ஆண்டின் விமான விதிகளிலேயே இருக்கிறது. ஆகவே உங்கள் பள்ளியின் பயிற்சி, நடைமுறைக் கையேட்டில் டேப்லெட்டுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் தலைமைப் பயிற்றுநரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதே விதிகளின்படி அனுமதி இல்லாமல் விமானத்திலிருந்து படம் எடுப்பதும் கூடாது. கையில் கேமரா இருக்கிறது என்பதற்காகக் கோட்டையையும் ஓடுதளத்தையும் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். வரைபடங்களையும் வாட்ஸ்அப் குழுவில் வரும் பிடிஎஃப் கோப்புகளிலிருந்து எடுக்காதீர்கள். வான்வழித் தகவல்கள் 28 நாளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும் சுழற்சியில் வருகின்றன. இந்திய விமான நிலைய ஆணையம் தன் இணையதளத்தில் மின்னணுப் பதிப்பை வெளியிடுகிறது, அங்கிருந்து எடுங்கள்.

எந்த அளவு வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். செஸ்னா 152, 172 போன்றவற்றுக்கு 8 அங்குல அளவே போதும். 11 அங்குலம் மேசையில் அழகாக இருக்கும், தொடையில் வைத்தால் யோக்கில் (விமானத்தைக் கையால் திருப்பும் பிடி) இடிக்கும். வாங்கும் முன், நண்பர் ஒருவரிடமிருந்து அதே அளவுள்ள கருவியை இரவல் வாங்கி, நின்றுகொண்டிருக்கும் விமானத்தில் உட்கார்ந்து, இருக்கைப் பட்டையை இறுக்கிக்கொண்டு, யோக்கைக் கடைசிவரை பின்னால் இழுத்து இடமும் வலமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். எங்காவது தட்டினால் அந்த அளவு உங்களுக்கு வேண்டாம்.